மூளையில் இரத்தக்கசிவுக்குப் பிறகு திரும்ப வாகனம் ஓட்ட: வன்னியில் உள்ளவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கை தூக்குது, கால் நடக்குது, பேச்சும் வந்திட்டுது. இனி மோட்டச்சைக்கிளை எடுக்கலாம்தானே? வைத்தியசாலையால் வீடு வந்த மூன்றாம் கிழமையே இந்தக் கேள்வி வந்துவிடும். வன்னியில் அது நியாயமான கேள்வி. முல்லைத்தீவில் இருந்து மாங்குளம் சந்திக்கோ பரந்தன் சந்திக்கோ வர ஏறத்தாழ 50 கிலோமீற்றர். பஸ்ஸைத் தவறவிட்டால் அன்றைய கிளினிக்கும் தவறிவிடும். வயலுக்குப் போக, நெல் ஏற்ற, பிள்ளையை ரியூசனில் விட, எல்லாவற்றுக்கும் ஒரு வாகனம் வேண்டும்.

ஆனால் கை கால் தேறியது ஓட்டத் தேறியதற்கு அடையாளம் அல்ல. ஓட்டுவதற்குக் கையை விடக் கண்ணும் கவனமும்தான் முக்கியம். இரத்தம் கசிந்த இடத்தைப் பொறுத்து இந்த இரண்டில் ஒன்று குறைந்திருக்கலாம், குறைந்தது நோயாளிக்கே தெரியாமலும் இருக்கலாம். அவர் மறைக்கிறார் என்று நினைக்க வேண்டாம். குறையைக் கவனிக்க வேண்டிய மூளைப்பகுதிதான் அடிபட்டிருக்கிறது. ஆகவே "எனக்கு ஒண்டுமில்லை" என்ற சொல்லை வைத்து முடிவெடுக்காதீர்கள். கீழே உள்ளவற்றை ஒவ்வொன்றாகச் செய்து, பக்கத்தில் இருப்பவர் எண்ணிக் குறித்ததை வைத்து முடிவெடுங்கள்.

எந்தக் கசிவு, எப்போது

வைத்தியசாலையால் வீடு வரும்போது தந்த டயக்னோசிஸ் காட்டை எடுத்துப் பாருங்கள். பொதுவாக மூன்று வகை. பிரஷர் கூடி மூளைக்குள்ளேயே சின்ன நாளம் வெடித்துக் கசிவது ஒன்று. மூளையைச் சுற்றியுள்ள உறைகளுக்கிடையில் ஒரு நாளப் புடைப்பு வெடித்துக் கசிவது இன்னொன்று; திடீரென்று தலையில் அடித்தது போன்ற கொடிய தலையிடியோடு வருவது பெரும்பாலும் இதுதான். மூன்றாவது, விழுந்தோ விபத்திலோ தலை அடிபட்டு மண்டையோட்டுக்கும் மூளைக்கும் இடையில் இரத்தம் தேங்குவது. வயதானவர்களுக்கு இது சின்ன அடியில்கூட, சில கிழமைகள் கழித்துத் தெரியவரும்.

கிளினிக்கில் வைத்தியருக்கு நேரம் குறைவு. கேள்விகளைக் கொப்பியில் எழுதிக்கொண்டு போங்கள்: கசிவு எந்தப் பக்கம்? மூளையின் மேற்பரப்புக்குக் கிட்டவா, ஆழத்திலா? நாளப் புடைப்பு என்றால் அது அடைக்கப்பட்டுவிட்டதா? வலிப்பு வந்ததா, வந்தால் எத்தனையாம் நாள்? பார்வைப் புலம் சோதித்தார்களா? மேற்பரப்புக்குக் கிட்டக் கசிந்தால் பிறகு வலிப்பு வரும் வாய்ப்புக் கூட. முதல் ஏழு நாளுக்குப் பிறகு வலிப்பு வந்திருந்தால் அது திரும்ப வரும் வாய்ப்பும் கூட. அடைக்காத புடைப்போடு ஓட்டும் பேச்சே வேண்டாம்.

எத்தனை நாள் பொறுப்பது? பிரித்தானியாவில் மூளைத் தாக்கத்துக்கு (ஸ்ரோக்) பிறகு கார், மோட்டார் சைக்கிளுக்குக் குறைந்தது 1 மாதமும் பஸ், லொறிக்கு 1 வருடமும் ஓட்டக்கூடாது என்பது விதி. வலிப்பு நோய் என்று ஆகிவிட்டால் காருக்கே 1 வருடம் வலிப்பில்லாமல் இருக்க வேண்டும். அந்த ஒரு மாதம் மிகக் குறைந்த எல்லை. அது கடந்தவுடன் திறப்பைக் கையில் எடுக்கலாம் என்று பொருள் கொள்ள வேண்டாம். மூளைக்குள் கசிந்து ஒரு பக்கக் கை கால் விழுந்தவர்களுக்கு மூன்று மாதத்துக்கு முன் கீழே சொல்லும் சோதனைகளையே தொடங்காதீர்கள் என்பது எங்கள் அபிப்பிராயம். உங்கள் வைத்தியர் இதைவிடக் கூடச் சொன்னால் அதுதான் கணக்கு.

சத்திரசிகிச்சையில் மண்டையோட்டின் ஒரு துண்டை எடுத்து, இன்னும் திரும்ப வைக்காதவர்கள் எந்த வாகனமும் ஓட்டக்கூடாது. பின்சீட்டில் ஏறுவதும் ஆபத்து. அந்த இடத்தில் தோலுக்குக் கீழே பாதுகாப்பே இல்லை. ஹெல்மெட்டும் அதை நேரே அழுத்தும்.

தலையிலோ உடம்பிலோ ஷெல் துண்டு உள்ளவர்கள் எம்.ஆர்.ஐ. (காந்த ஸ்கான்) எடுக்க முன் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பழைய தலைக்காயத்தின் மேல் இப்போது கசிவும் வந்திருந்தால், வலிப்பைப் பற்றி இரட்டிப்பாகக் கேளுங்கள்.

வீட்டில் பார்க்கக்கூடியவை

சோற்றுக் கோப்பையில் தொடங்குங்கள். மூளையின் வலப்பக்கம் கசிந்தவர் சாப்பிட்டு எழும்பிய பிறகு கோப்பையைப் பாருங்கள். வலப்பக்கம் துடைத்தது போலவும், இடப்பக்கத்தில் சோறும் கறியும் அப்படியேயும் இருந்தால், "பசி இல்லைப்போல" என்று கழுவி வைக்காதீர்கள். கோப்பையைத் திருப்பி வையுங்கள். மிச்சத்தையும் எடுத்துச் சாப்பிட்டால், இடப்பக்கத்தை மூளை மறந்திருக்கிறது. இடக்கன்னத்தில் சவரம் செய்யாமல் விடுவது, இடத்தோள் கதவு நிலையில் இடிபடுவது, இடக்கால் செருப்பு கழன்றது தெரியாமல் நடப்பது எல்லாம் இதே கணக்குத்தான். எங்கள் நாட்டில் வாகனம் இடப்பக்கத்தால் போகிறது. சைக்கிளும் நடந்து போகிறவரும் மேயும் மாடும் அந்த இடக்கரையில்தான். இடப்பக்கம் மறந்தவர் ஓட்டினால் அடிபடப் போவது அவர்கள்.

அடுத்தது பார்வைப் புலம். இருவர் ஒரு மீற்றர் இடைவெளியில் எதிரெதிரே, கண்மட்டம் ஒன்றாக, கதிரையில் இருங்கள். அவர் உங்கள் மூக்கை மட்டும் பார்க்க வேண்டும். அவர் வலக்கண்ணை மூடினால் நீங்கள் இடக்கண்ணை மூடுங்கள். இருவருக்கும் நடுவில், கையை அகல நீட்டி, விரலை ஆட்டியபடி பக்கவாட்டில் இருந்து உள்ளே கொண்டு வாருங்கள். தெரிந்தவுடன் "தெரியுது" என்று சொல்லட்டும். மேலே, கீழே, இடம், வலம் நான்கிலும் செய்யுங்கள். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த பிறகும் அவருக்குத் தெரியாவிட்டால் அந்தப் பக்கம் குறைவு. பிறகு இரண்டு கண்ணும் திறந்தபடி, இரண்டு பக்க விரலையும் ஒரே நேரத்தில் ஆட்டுங்கள். தனித்தனியே ஆட்டும்போது இரண்டையும் கண்டவர், சேர்த்து ஆட்டும்போது ஒன்றை மட்டும் சொன்னால் அது பெரிய எச்சரிக்கை. வீதியில் எப்போதும் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில்தான் அசையும்.

இதில் பிழை கண்டால் கண் கிளினிக்கில் கருவியால் பார்வைப் புலம் அளக்கக் கேளுங்கள். பிரித்தானியாவில் காருக்குக் கேட்கும் அளவு, கிடையாகக் குறைந்தது 120 பாகை. கசிவால் இரண்டு கண்ணிலும் ஒரே பக்கப் பாதி மறைந்திருந்தால் புதுக் கண்ணாடி அதைத் திருப்பித் தராது. பழுது கண்ணில் இல்லை, பின்மூளைக்குப் போகும் பாதையில். திரும்பி வருவதில் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்தில் வரும். ஆறு மாதம் தாண்டினால் பெரிய மாற்றத்தை எதிர்பார்க்க முடியாது.

தூரப் பார்வைக்கு, நிற்கும் வாகனத்தின் இலக்கத்தகட்டை 20 மீற்றரில் இருந்து வாசிக்கச் சொல்லுங்கள். வளர்ந்த ஒருவரின் எட்டில் ஏறத்தாழ 27 எட்டு.

காலுக்கு ஒரு சோதனை. கண்ணை மூடி இருக்கச் சொல்லி, கால் பெருவிரலை இரு பக்கமும் பிடித்து மெல்ல மேலே அல்லது கீழே அசையுங்கள். எந்தப் பக்கம் அசைந்தது என்று பத்துக்குப் பத்துச் சரியாகச் சொல்ல வேண்டும். பலம் வந்த காலுக்கும் இந்த உணர்வு வராமல் இருக்கலாம். அப்படிப்பட்டவர் பிரேக் என்று நினைத்து அக்சிலேற்றரை மிதிப்பார், வாகனம் பாய்ந்ததும் இன்னும் இறுக்கி மிதிப்பார்.

கவனத்துக்கு, முற்றத்தில் நடந்துகொண்டே 100இல் இருந்து மூன்று மூன்றாகக் குறைத்துச் சொல்லச் சொல்லுங்கள். கணக்குச் சொல்ல நடை நிற்கிறதா? நின்றால் இரண்டு வேலைக்குக் கவனம் இன்னும் பிரியவில்லை. ஓட்டுவது அதைவிடக் கூடிய வேலை.

மருந்து

வலிப்பு மருந்தை, ஃபெனிற்றோயினோ வல்புரோவேற்றோ லெவெற்றிராசிற்றமோ எதுவானாலும், "இப்ப சுகம்தானே" என்று நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும். கிளினிக் திகதிக்கு ஒரு கிழமை முன்பே எத்தனை குளிசை மிச்சம் என்று எண்ணுங்கள். மருந்தோ அளவோ மாற்றிய முதல் நாட்களில் ஓட்ட வேண்டாம். தடிமனுக்குக் கடையில் வாங்கும் பிரிற்றன் குளிசை நித்திரையைக் கொண்டுவரும். நோவுக்குத் தரும் டிரமடோல் வலிப்பைத் தூண்டக்கூடியது. டைக்குளோஃபெனக் போன்ற நோக்குளிசைகள் பிரஷரை ஏற்றும். அஸ்பிரின் வைத்தியர் சொல்லாமல் தொடவே கூடாது. பிரஷர் 130/80க்குக் கீழே நிற்க வேண்டும். ஓட்டத் தொடங்கும் கிழமைகளில் விடிய ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா அளந்து எழுதுங்கள். கள்ளும் சாராயமும் பிரஷரை ஏற்றும், வலிப்பையும் கிட்டக் கொண்டுவரும். அது முழுதாக நிற்கட்டும்.

எஞ்சின் போடாமல்

இரண்டு கிழமைக்கு முன்சீட்டில் இடப்பக்கம் இருந்து போங்கள். போகும்போது கண்டதை எல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: "இடப்பக்கம் சைக்கிள், வலப்பக்கம் ரெண்டு மாடு, முன்னுக்கு பஸ் நிற்கப் போகுது." ஓட்டுபவர் வீதியை விட்டுக் கண்ணெடுக்கக் கூடாது, பின்னுக்கு இருப்பவர் தவறவிட்டவற்றை இடம், வலம் என்று கோடு போட்டுக் குறிக்கட்டும். கிளிநொச்சியில் இருந்து பரந்தன் சந்தி மட்டும் போனாலே போதும். அந்தத் துண்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஓட்டோக்கள், உழவு இயந்திரங்கள் எல்லாம் இருக்கும். கோடுகள் ஒரு பக்கமாகவே விழுந்தால், வீட்டுச் சோதனையில் தப்பிய குறை இங்கே பிடிபட்டுவிட்டது.

பிறகு நிற்கும் வாகனத்தில், திறப்புப் போடாமல். காலைப் பார்க்காமல் அக்சிலேற்றரில் இருந்து பிரேக்குக்கு 20 தரம். பக்கத்தில் இருப்பவர் "நில்" என்று எதிர்பாராத நேரத்தில் சொல்லட்டும். மணிக்கு 60 கிலோமீற்றரில் வாகனம் ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 17 மீற்றர் போகும். கால் அரைச் செக்கன் பிந்தினால் 8 மீற்றர் கூட ஓடிவிடும். 20இல் ஒருமுறை கால் பிரேக்கின் ஓரத்தில் வழுக்கினாலும் அன்று அதோடு நிறுத்தி அடுத்த நாள் பாருங்கள்.

செருப்பைப் பற்றி ஒரு சொல். உணர்வு குறைந்த காலில் றப்பர் செருப்பு கழன்றால் தெரியாது. கழன்ற செருப்பு பிரேக் மிதிக்குக் கீழே போய்ச் சிறைப்பட்டால் பிரேக் இறங்காது. குதியில் பட்டி உள்ள, அடி மெல்லிய சப்பாத்துப் போடுங்கள். சாரத்தோடு ஓட்டும் பழக்கத்தையும் விடுங்கள்.

வெளியில், ஊர்வீதியில், ஏ9இல்

முதல் ஓட்டம் தறவை வெளியிலோ, பள்ளிக்கூடம் இல்லாத நாளில் கேட்டு வாங்கிய மைதானத்திலோ. விடிய ஏழு மணிக்கு முன் தொடங்குங்கள். வெயில் ஏறினால் அடிபட்ட மூளை கெதியில் களைக்கும். பக்கத்தில் லைசன்ஸ் உள்ள ஒருவர் வேண்டும். சீட்டுகளுக்கு நடுவே கைப்பிரேக் உள்ள வாகனமாகவும் இருக்கட்டும். அவசரத்தில் அதைப் பட்டனை அமத்தியபடி படிப்படியாக இழுக்க வேண்டும். ஒரே இழுவையாக இழுத்தால் பின்சில்லு இறுகி வண்டி சுழலும்.

நான்கு வெற்றுத் தகர ரின்னை வைத்து, இடப்பக்கச் சில்லு அவற்றுக்கு அரை மீற்றர் தள்ளிப் போகும்படி ஓட்டுங்கள். ரின்னைத் தட்டினால் ஏன் என்று வாதாட வேண்டாம், குறித்துக்கொள்ளுங்கள். பிறகு 20 கிலோமீற்றர் வேகத்தில் "நில்" சொன்னதும் நிற்பது, பின்னுக்கு எடுப்பது. பழைய பழக்கம் கையில் பெரும்பாலும் மிஞ்சியிருக்கும்; குழம்புவது வரிசை. சிக்னல் போட்டுவிட்டுக் கண்ணாடி பார்க்காமல் திரும்புவது, கிளச்சை விட்டபிறகு கியர் தேடுவது இவைதான் அடிக்கடி வரும். ஒவ்வொரு படியையும் வாயால் சொல்லிச் செய்தால் வரிசை திரும்பும்.

ஒரு நாளைக்கு 15 நிமிடம். கொட்டாவி, காரணமில்லாத கோபம், திடீரென்று பேச்சுக் குறைவது, வண்டி மெல்ல இடக்கரைக்குச் சாய்வது எல்லாம் களைப்பின் அடையாளம். ஒரே பிழை இரண்டாம் தரம் வந்தால் அன்றைக்கு முடிந்தது. ஆறு நாள் பிழையில்லாமல் போனால் ஊர்வீதி. கிறவல் வீதியில் மெதுவாகப் போகலாம். குளக்கட்டு, வாய்க்கால் கட்டு வேண்டாம். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் பள்ளம், அரை மீற்றர் பிசகுக்கும் இடமில்லை.

ஏ9 பெருவீதிக்கு (கண்டி-யாழ்ப்பாண வீதி) ஏறுவது குறைந்தது ஒரு மாதம் ஊர்வீதி ஓடிய பிறகு. அங்கே மூன்று இடத்தில் பிழை வரும். முந்திவரும் பஸ்ஸின் வேகத்தைக் குறைத்து மதிப்பிடுவது ஒன்று. ஆகவே முதல் மாதங்களில் நீங்கள் எவரையும் முந்த வேண்டாம். இரண்டாவது புகையிரதக் கடவை. றெயில் பாதை பல இடத்தில் வீதியோடு ஒட்டி ஓடுகிறது. குறுக்கு வீதிக்குத் திரும்பியதும் கடவை வந்துவிடும். காவல் இல்லாத கடவையில் முழுதாக நின்று, கண்ணாடியை இறக்கி, இரண்டு பக்கமும் தலையைத் திருப்பிப் பாருங்கள். கண்ணை மட்டும் திருப்பினால் குறைந்த பக்கம் அப்படியே விடுபடும். மூன்றாவது காலபோக அறுவடை நாட்கள். வீதியின் ஒரு பாதியில் நெல் காயும், வாகனம் எல்லாம் மறுபாதிக்கு வரும், கல்லும் மரக்குற்றியும் எல்லைக்கு வைத்திருக்கும். அந்தக் கிழமைகளில் உள்வீதிகளில் பழக வேண்டாம்.

தூரப் பயணத்தில் 30 நிமிடத்துக்கு ஒருக்கா இறங்குங்கள். கிளிநொச்சிக்கும் மாங்குளத்துக்கும் இடையில் முறிகண்டிப் பிள்ளையார் எப்படியும் எல்லோரையும் இறங்க வைக்கிறார். கும்பிட்டு, கச்சான் வாங்கி, பத்து நிமிடம் நிழலில் இருந்து போங்கள். இரவோட்டம் கடைசிப் படி. லைட் இல்லாத சைக்கிள், வீதியில் படுத்திருக்கும் கறுத்த மாடு, சில இடங்களில் யானை என்று எல்லாம் உண்டு. எதிர்வெளிச்சம் பட்ட கண் திரும்பத் தெளியவும் முன்னையை விட நேரம் எடுக்கலாம்.

வாகனத்துக்கு வாகனம்

மோட்டார் சைக்கிள் வீட்டு வாசலில் நிற்பதால் அதையே முதலில் எடுக்கிறார்கள். அதைத்தான் கடைசியில் எடுக்க வேண்டும். வலக்கை முன்பிரேக், வலக்கால் பின்பிரேக், இடக்கை கிளச், இடக்கால் கியர். எந்தப் பக்கம் விழுந்திருந்தாலும் ஏதோ ஒன்று குறையும். அதோடு நிற்கும்போது காலை ஊன்ற வேண்டும். எஞ்சின் போடாமல், சீட்டில் இருந்தபடி வண்டியை விழுந்த பக்கத்துக்குச் சாய்த்துத் தாங்கி நிமிர்த்துங்கள், 10 தரம். ஒருவர் மறுபக்கம் பிடித்துக்கொள்ளட்டும். முடியாவிட்டால் சந்தியில் நிற்கும்போது வண்டி உங்கள் மேல்தான் விழும். ஹெல்மெட்டைப் புதிதாக அளவு பாருங்கள். தழும்பில் அழுத்தக் கூடாது, விபத்தில் அடிபட்ட பழையது கூடாது.

ஓட்டோவில் இடக்கையால் கிளச்சைப் பிடித்தபடியே பிடியைத் திருப்பிக் கியர் மாற்ற வேண்டும். கிளச்சைத் தொடர்ந்து 30 தரம் முழுதாக இறுக்க முடிகிறதா என்று பாருங்கள். பத்தாம் தரத்தில் விரல் விரிந்தால் சந்தை நெரிசலில் அது நடக்கும். கூலிக்கு ஆள் ஏற்றுவது வேறு விடயம்; அதற்கு வைத்தியரின் தனியான சம்மதம் எடுங்கள்.

லாண்ட்மாஸ்டரில் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) பலர் ஏமாறுவது இறக்கத்தில். சமதரையில் இடப்பக்கக் கிளச்சை இறுக்கினால் இடப்பக்கம் திரும்பும். வரம்போ கட்டோ இறங்கும்போது அதே கிளச்சை இறுக்கினால், விடுபட்ட சில்லு வேகமாக உருண்டு மறுபக்கம் திரும்பும். பழையபடி இது கையில் வரும் என்று நம்பி இறக்கத்தில் இறங்காதீர்கள். சமதரையில் ஒரு போகம் ஓடட்டும். கைபிடி சுழற்றி எஞ்சின் ஸ்ரார்ட் பண்ணுவதை வேறொருவர் செய்யட்டும். மூச்சை அடக்கிச் சுழற்றும் அந்தச் சில செக்கன்களில் பிரஷர் எகிறும்.

யுத்தத்தில் ஒரு காலை இழந்தவருக்கு மிஞ்சிய காலில் இப்போது பலம் குறைந்திருந்தால், பழைய மாற்றங்கள் பொருந்தாது. இயன்மருத்துவரிடம் வாகனத்தின் படத்தைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். எந்த மாற்றத்தையும் பட்டறையில் செய்ய முன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேளுங்கள்.

கடிதமும் லைசன்ஸும்

லைசன்ஸின் திகதி இன்னும் முடியவில்லை என்பதால் எல்லாம் சரி என்று இல்லை. அதற்குக் கொடுத்த மெடிக்கல் (வைத்தியச் சான்றிதழ்) கசிவுக்கு முன் எடுத்தது. ஓட்டத் தொடங்க முன் கிளினிக் வைத்தியரிடம் எழுத்தில் வாங்குங்கள்: கசிவு நடந்த திகதி, கடைசி வலிப்பின் திகதி அல்லது வலிப்பு இல்லை என்பது, பார்வைப் புலத்தின் நிலை, எந்த வகை வாகனம். அதோடும் டயக்னோசிஸ் காட்டின் பிரதியோடும் தேசிய போக்குவரத்து வைத்திய நிறுவகத்தின் மாவட்டக் கிளைக்குப் போய்ப் புதிதாக மெடிக்கல் கேளுங்கள். அங்கே கசிவை மறைக்காதீர்கள். காப்புறுதிக்காரரிடமும் எழுத்தில் அறிவித்துப் பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். விபத்துக்குப் பிறகு வாய்ச்சொல் நிற்காது.

ஓட்டும்போது முகம் கோணினாலோ, கை சோர்ந்தாலோ, நா குழறினாலோ, கொடிய தலையிடி வந்தாலோ, விநோதமான மணம் அடித்து உடல் சிலிர்த்தாலோ, இடக்கரையில் நிறுத்தி, எஞ்சினை நிற்பாட்டி, 1990க்கு அழையுங்கள். அம்புலன்ஸ் இலவசம். "வீட்டை போய்ப் பாப்பம்" என்று ஓட்டக் கூடாது. வலிப்பு ஒன்று வந்தால், நித்திரையில் வந்தாலும், அன்றே திறப்பை வீட்டாரிடம் கொடுத்துவிட்டு அடுத்த கிளினிக்குக்குக் காத்திராமல் வைத்தியரிடம் போங்கள். நாட்களை அந்தத் திகதியில் இருந்து புதிதாக எண்ணத் தொடங்க வேண்டும்.